மார்கழிக் கறுப்பு: கருப்பட்டிச் சுக்குக் காபியை ருசி பார்ப்பது

சுக்குக் காபி சரியாக அமையவில்லை என்றால் பெரும்பாலோர் சுக்கைத்தான் குறை சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள், குறைத்துப் பார்ப்பார்கள், மிளகைத் தட்டிப் போடுவார்கள். குறை அநேகமாக அங்கே இருக்காது. அந்தப் பானத்துக்கு நிறத்தையும் மணத்தையும், விழுங்கிய பிறகு அடிநாக்கில் தங்கும் ருசியையும் கொடுப்பது கருப்பட்டி. அது நல்லதாக இருந்தால் சுமாரான சுக்கும் தேறிவிடும். அது சீனிப்பாகு கலந்த கட்டியாக இருந்தால் எத்தனை உயர்ந்த சுக்கைப் போட்டாலும் காரமான சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சும். ஆகவே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி கருப்பட்டிக்கே போகிறது. அதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

பருவம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் மழையோடு போய்விடும். மழை விட்ட பிறகு மார்கழி, தை விடியலில் கண்மாய்க் கரைகளிலும் கடலைக் கொல்லைகளிலும் பனி இறங்கும். வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். மலைநாட்டுக் குளிர் இல்லை. ஆனால் வருஷம் முழுக்க வெயிலில் கிடக்கும் உடம்புக்கு அதுவே போதும். தொண்டை கரகரக்கும், மூக்கடைக்கும். கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்கும் நேரத்திலும் சாயங்காலம் இருட்டும் நேரத்திலும் சுக்குக் காபிக்காரரைச் சுற்றி ஆள் சேரும்.

பானம் குளிர்காலத்தில் குடிப்பது. அதன் முக்கியச் சரக்கோ கோடையில் உண்டானது. பதநீர் இறங்குவது ஏறத்தாழ மாசியிலிருந்து ஆடி வரை. அந்த மாதங்களில் காய்ச்சி ஊற்றிய கருப்பட்டி மார்கழியில் நம் கைக்கு வரும்போது குறைந்தது நான்கைந்து மாதமாவது ஆகியிருக்கும், நடுவில் ஓர் அடைமழையையும் தாண்டியிருக்கும். அந்த மழையில் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்பது டம்ளரில் தெரியும். ஓலைக் கொட்டானில் அடுக்கி அடுப்பங்கரைப் பரணில் ஏற்றியது ஒரு ருசி. பிளாஸ்டிக் பையில் கட்டி ஈரத் தரையில் போட்டது வேறு ருசி. முன்னது இறுகிக் கறுத்து, புகைமணம் ஏறி வந்திருக்கும். பின்னது கசிந்து, மேலே பிசுபிசுத்து, லேசாகப் புளித்திருக்கும்.

குளிருக்கென்று முன்கூட்டியே வடித்துவைத்த கறுத்த பானம் என்பது நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்திலும் பெல்ஜியத்திலும் குளிர்காலத்துக்கென்றே கறுத்த, கனத்த ஏல் வகைப் பீர்களை வடித்துவைத்து, கிறிஸ்துமஸை ஒட்டித் திறக்கிறார்கள். அந்தக் கருமை பெரும்பாலும் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது. சுழலும் உருளையில் பார்லியைக் கறுக்க வறுக்கும் முறைக்கு இங்கிலாந்தில் டேனியல் வீலர் காப்புரிமை பெற்றது 1817ஆம் ஆண்டில். ஏலைச் சூடாக்கி, சர்க்கரையும் ஜாதிக்காயும் இஞ்சியும் போட்டு, சுட்ட ஆப்பிளையும் மிதக்கவிட்டுக் குடிப்பது அங்கே பழைய குளிர்கால வழக்கம். கறுப்பு, இனிப்பு, காரம், சூடு என்று அவர்களும் அதே நான்கைத்தான் தேடிப் போயிருக்கிறார்கள். பார்லி கறுப்பதும் பதநீர் கறுப்பதும் பெரும்பாலும் ஒரே வேதிவினையால்தான். சர்க்கரையும் புரதத்தின் துணுக்குகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பேறும் மெயிலார்ட் வினை அது.

பனை, பதநீர், கருப்பட்டி

பனையின் பாளையை இடுக்கி நசுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார்கள். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும், சில மணி நேரத்தில் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் பனையின் புளித்த பக்கம் நமக்கு மூடிக் கிடக்கிறது. பாக் நீரிணையைத் தாண்டிப் போனால் யாழ்ப்பாணத்தில் கள்ளைப் புட்டியில் அடைத்தே விற்கிறார்கள். நமக்கு இருப்பது இனிப்புப் பக்கம். அதையாவது ஒழுங்காக ருசிக்கக் கற்றுக்கொள்வோம்.

சுண்ணாம்பைத் தெளியவைத்து வடித்த பதநீரைப் பெரிய வட்டாவில் ஊற்றி, காய்ந்த மட்டையையும் ஓலையையும் எரித்துக் காய்ச்சுகிறார்கள். பொங்கி வழியாமல் இருக்க நசுக்கிய ஆமணக்கு விதையைக் கொஞ்சம் போடுவார்கள். 8 முதல் 10 லிட்டர் பதநீர் வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, உருட்டினால் உருளும் பதம் வந்ததும் இறக்கி, துடுப்பால் கிண்டிக் கிண்டிச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள்.

இதில் மூன்று இடங்களில் ருசி தீர்மானமாகிறது. முதலாவது சுண்ணாம்பு. அதிகமானால் நாக்கில் காறும், குறைந்தால் பதநீர் கலயத்திலேயே புளிக்கத் தொடங்கி, கட்டி ஒழுங்காக இறுகாது. இரண்டாவது தீ. அவசரத் தீயில் அடிப்பிடித்தால் கருகல் வாடை வரும், அதைப் புகைமணம் என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. மூன்றாவது இறக்கும் பதம். முன்னால் இறக்கினால் மழைக்காலத்தில் கசியும், பின்னால் இறக்கினால் கசக்கும். மரமேறுபவரும் அடுப்படியில் நிற்கும் அவர் வீட்டுப் பெண்ணும் இந்த மூன்றையும் கண்ணாலும் மூக்காலும் கணிக்கிறார்கள். ஒரு கலயம் பதநீருக்கு ஒருமுறை ஏறி இறங்கும் உழைப்பையும் சேர்த்துப் பாருங்கள். மலிவு விலைக் கருப்பட்டி சுத்தமானதாக இருக்க வழியே இல்லை என்பது அப்போது புரியும்.

புதுக்கோட்டையில் பனைக்குப் பஞ்சமில்லை. ஏறுபவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பனை பெரும்பாலும் அசையாமல் நின்றது. அதற்குப் பிறகு கண்மாய்க் கரைகளில் பனை விதை ஊன்றும் வேலையில் இளைஞர்கள் ஊர் ஊராக இறங்கினார்கள். அவர்கள் ஊன்றியது பாளை விட இன்னும் காலமிருக்கிறது. பனைக்குப் பன்னிரண்டு முதல் இருபது வருஷம் வேண்டும். அந்தப் பாளைகளைச் சீவ அன்றைக்கு ஆள் இருக்க வேண்டுமே என்பதுதான் எனக்குக் கவலை. மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஏறுபவரின் கூலிக்கும் பாதுகாப்புக்கும் அதே அளவு அக்கறை காட்டினால்தான் நின்ற மரத்தால் பயன்.

ஆகவே இப்போதைக்கு நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் கருப்பட்டி பெரும்பாலும் தெற்கிலிருந்து வருகிறது: ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, தூத்துக்குடி மாவட்டத்து வேம்பார், உடன்குடி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளூரில் காய்ச்சியது அக்கம்பக்கத்தில் எப்போதாவது கிடைத்தால் விடாதீர்கள். முதலில் கால் கிலோ வாங்கிப் பாருங்கள்.

கடையில் பார்க்க வேண்டியது

கீழ ராஜ வீதி மளிகைக் கடையானாலும் சந்தைப்பேட்டை வாரச்சந்தையானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, ஒண்ண ஒடச்சுக் காட்டுங்க." நல்ல சரக்கு வைத்திருப்பவர் தயங்க மாட்டார். உடைத்துக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

உடைத்த துண்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிரட்டையைத் தொட்டிருந்த வெளிவிளிம்பு கறுத்தும், நடுப்பகுதி அதைவிடச் சற்று வெளுத்தும் இருக்கும். உடைந்த முகத்தில் குண்டூசித் தலையளவு காற்றுத் துளைகள் அங்கங்கே தெரியும். உள்ளிருக்கும் குருணை நெருக்கமாக, மங்கலாக இருக்கும். வெளிச்சத்தில் திருப்பும்போது கண்ணாடித் தூள்போல் எங்கும் மின்னினால் சீனி கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படலாம். விளிம்பிலிருந்து நடுவரை ஒரே நிறமாக, வழவழவென்று இருப்பதும் சந்தேகத்துக்குரியதே. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் புகை, அடுத்து வறுத்த பயறு போன்ற ஒரு மணம், கடைசியில் பழுத்த பனம்பழத்தின் சாயல். வெறும் இனிப்பு வாடை மட்டும் அடித்தால் கீழே வைத்துவிடுங்கள்.

பட்டாணி அளவு கிள்ளி நாக்கின் நடுவில் வைத்து, மெல்லாமல் கரையவிடுங்கள். பனையின் இனிப்பு மெதுவாக எழும். அதன் பின்னாலேயே மெலிதான உப்புக்கரிப்பு, அப்புறம் புகை, கடைசியில் நாக்கை லேசாக இழுக்கும் துவர்ப்பு. சீனி கலந்தது எடுத்த எடுப்பிலேயே தித்தித்து, அரை நிமிடத்தில் ஒன்றுமில்லாமல் போய்விடும். இந்த இழுப்பும் தங்கலும்தான் நான் எல்லாவற்றையும்விட நம்புகிற அடையாளம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சிறு துண்டைக் கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீரில் போட்டு, கலக்காமல் விட்டுவைத்துப் பாருங்கள். மெதுவாகக் கரைந்து, தண்ணீர் கலங்கிய பழுப்பாகி, அடியில் சாம்பல் நிற வண்டல் கொஞ்சம் படிந்தால் நல்ல அறிகுறி. அந்த வண்டலில் சுண்ணாம்பும் சாம்பலும் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்துதான் ஒரு முடிவைத் தரும். எந்த ஒன்றையும் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கலப்படம் செய்பவர்களும் இந்தச் சோதனைகளை அறிந்தவர்கள்தாம்.

கூட்டும் காய்ச்சலும்

சுக்கு கனமாக, உடைத்தால் நார் அதிகம் நீளாமல், உள்ளே வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். சுண்ணாம்பில் புரட்டி வெளுக்கவைத்த சுக்கு பார்க்க அழகு, காரத்தில் ஏமாற்றும். மேல்தோலைச் சுரண்டிவிட்டுத் தட்டுங்கள். சித்த மருத்துவமும் அப்படித்தான் சொல்கிறது. பச்சை இஞ்சி சுக்குக்கு மாற்றாகாது. இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் ஷோகால் என்ற வேறொரு பொருளாக மாறுகிறது, காரம் கூடுகிறது. சுக்கின் காரம் தொண்டையில் போய்ப் பற்றும், மிளகின் காரம் நாக்கிலேயே நிற்கும். இரண்டையும் பிரித்து உணரப் பழகினால் எது கூடிவிட்டது என்று குடிக்கும்போதே சொல்லிவிடலாம்.

நான்கு டம்ளருக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 100 முதல் 120 கிராம் கருப்பட்டி, 8 கிராம் சுக்கு, இரண்டு மேசைக்கரண்டி முழு மல்லி, பத்து மிளகு, இரண்டு ஏலக்காய். திப்பிலி இருந்தால் இரண்டு. மல்லியை வெறும் சட்டியில் மணம் வரும்வரை மட்டும் வறுக்க வேண்டும். சிவந்துவிட்டால் ரசப்பொடி வாசம் வந்துவிடும். கருப்பட்டியை முதலில் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். மண்ணும் தூசும் அதில் நிச்சயம் இருக்கும். மீதித் தண்ணீரில் தட்டிய சரக்குகளைப் போட்டு, கொதி வந்த பிறகு தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் விட்டு, அதற்கப்புறம் கரைசலை ஊற்றி இன்னும் ஐந்து நிமிடம். கருப்பட்டியை ஆரம்பத்திலிருந்தே கொதிக்கவிட்டால் அதன் மேல்மணம் ஆவியோடு போய்விடும். துளசி போடுவதானால் இறக்கிய பிறகு போட்டு மூடுங்கள். பால் ஊற்றாதீர்கள். திரிந்தாலும் திரியும், திரியாவிட்டாலும் இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்த புகைமணம் பாலுக்குள் அமுங்கிவிடும்.

ருசி பார்க்கும் முறை

ருசி பார்க்கக் கண்ணாடி டம்ளர், குடிக்க எவர்சில்வர். கண்ணாடியில் ஊற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நடுவில் கறுத்தும் ஓரத்தில் செம்பு நிறமாகவும் தெரிய வேண்டும். ஓரமும் சேர்ந்து கறுத்திருந்தால் கருகிய பாகு. முழுக்கத் தெளிந்த சிவப்பாக இருந்தால் சீனி.

ஊற்றிய உடனே வாயில் வைக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்க்குக் கேடு விளைவிக்கக் கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் எச்சரித்தது. ருசிக்கும் அந்தச் சூடு எதிரிதான், நாக்கு மரத்துவிடும். இரண்டு டம்ளருக்கு இடையே நான்கைந்து முறை ஆற்றினால் போதும். முதலில் மூக்கால் முகர்ந்து, அப்புறம் ஒரு சின்ன வாய். வாய்க்குள் சுற்றவிட்டு விழுங்கிய பிறகு, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். புகையும் மல்லியும் அந்த மூச்சில்தான் வெளிப்படும். ஒருமுறை இப்படிச் செய்து பார்த்தவர்கள் பிறகு மடக் மடக்கென்று குடிக்க மாட்டார்கள்.

அதே டம்ளரில் கொஞ்சம் மிச்சம் வைத்து, வெதுவெதுப்பாக ஒருமுறையும் முழுக்க ஆறிய பிறகு ஒருமுறையும் பாருங்கள். சூட்டில் சுக்கு முன்னால் நிற்கும். வெதுவெதுப்பில் இனிப்பு தூக்கலாகத் தெரியும். ஆறிய பிறகுதான் கருப்பட்டியின் குற்றங்கள் வெளியே வரும்: அதிகச் சுண்ணாம்பின் காறல், அடிப்பிடித்த கசப்பு, மழையில் கசிந்ததின் புளிப்பு. கறுத்த பீரை ருசி பார்ப்பவர்களும் இதே காரணத்துக்காகத்தான் அதை ஐஸ் குளிர்ச்சியில் வைப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு டிகிரியில் வைத்து, டம்ளரில் மெல்லச் சூடேறவிட்டு ருசிக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையின் நுவரெலியா மலையில், தமிழர்கள் தேயிலை பறிக்கும் தோட்டங்களுக்கு நடுவே பிறந்த ஆலையின் லயன் ஸ்டவுட், 8.8 சதவீத மதுச்செறிவுள்ள கறுத்த பீர். 1977இல் உலக பீர்களுக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் அதைப் பாராட்டி எழுதிய பிறகு வெளிநாடுகளில் அதற்குப் பெயர் பரவியது. காபி, கருப்பட்டிப் பாகு, கருகிய சர்க்கரை என்று அதில் சொல்லப்படும் மணங்கள் நம் சுக்குக் காபிக்காரரின் தூக்கிலும் இருப்பவைதாம். மதுவை நாடாதவர்கள் அந்த மணங்களை இழந்துவிட்டதாக நினைக்கத் தேவையில்லை.

தொட்டுக்கொள்ள இனிப்பு வேண்டாம். உப்புப் போட்டு அவித்த நிலக்கடலை, மிளகுத் தட்டை, இல்லாவிட்டால் நெய் குறைவாக விட்ட வெண்பொங்கல். யாழ்ப்பாணத்தில் வேறொரு வழி: பனங்கட்டியைத் தனியாகக் கடித்துக்கொண்டு, இனிப்பில்லாத தேத்தண்ணீரைக் குடிப்பார்கள். கருப்பட்டி இல்லாமல் காய்ச்சிய சுக்கு மல்லித் தண்ணீரோடு அதை இங்கேயும் செய்து பார்க்கலாம். கருப்பட்டியின் ருசியையும் சுக்கின் காரத்தையும் தனித்தனியே அறிய அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

தெருவில் குடிப்பதானால் சைக்கிளில் வரும் சுக்குக் காபிக்காரரிடம் முதல் டம்ளரைவிட அரைத் தூக்கு காலியான பிறகு வாங்குவது நல்லது. சரக்கு அடியில் ஊறி, காரம் சீராகப் பரவியிருக்கும். "காரமா ஊத்தவா தம்பி?" என்று கேட்பவர் தூக்கை ஆட்டிக் கலக்கி ஊற்றுவார். அப்படிக் கேட்பவரிடம் எந்த ஊர்க் கருப்பட்டி என்றும் கேட்கலாம். பெருமையோடு பதில் சொல்பவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி நல்லதுதான் என்று சர்க்கரை நோயாளிகளுக்குத் தாராளமாக ஊற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருப்பதும் அதுவே. தாதுச்சத்துகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் அவை தடுத்துவிடாது. அப்பாவுக்கோ அப்பத்தாவுக்கோ சர்க்கரை இருந்தால் அவர்கள் பங்கைக் கருப்பட்டி இல்லாமல் தனியாக எடுத்து, துளசியை மட்டும் கூடுதலாகப் போட்டுக் கொடுங்கள்.

மிச்சக் கட்டிகளைக் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள மண்பானையில் வைத்து அடுப்புக்குப் பக்கத்துப் பரணில் ஏற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுக்கும்போதெல்லாம் வேர்த்து, மேல்பரப்பு இளகிவிடும். வாங்கிய ஊரையும் மாதத்தையும் காகிதத்தின் மேலேயே எழுதிவைத்தால், அடுத்த மார்கழியில் பழையதையும் புதியதையும் இரண்டு சட்டியில் காய்ச்சிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.